ஆறு மாதத்தில் எத்தனை முறை கால் வைத்தீர்கள்?

கடற்கரைப் பேணல் வாரியத்தார் அந்தத் தெருவுக்கு முதன்முதலாக வந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. நான்கு வண்டிகளில் மடக்கு நாற்காலிகளும், குடிநீர்ப் புட்டிகளும், 'மக்களிடம் கற்போம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய நீண்ட துணி ஒன்றும் கொண்டுவந்தார்கள். துணியைக் கட்டக் கம்பம் வேண்டியிருந்தது. உப்பங்கழியின் ஓரத்தில், கறுப்புத் துணி சுற்றிய கோல் ஒன்று இடுப்பளவு உயரத்தில் தனியே நின்றது. வாரியத்து ஓட்டுநர் ஒருவர் துணியின் ஒரு நுனியை அதில் கட்டும் எண்ணத்தோடு சேற்றில் இறங்கக் காலைத் தூக்கினார்.

"ஐயா, அங்கே கால் வைக்காதீங்க" என்றது ஒரு குரல்.

அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆயினும் தூக்கிய கால் தூக்கியபடியே நின்று, பிறகு வந்த வழியே திரும்பிற்று. குரலுக்கு உரியவள் ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு சிப்பிக்காரி. அவ்வாண்டு அவளுக்குக் 'கோல்காரி' என்று பெயர்.

அப்பெயரின் வரலாறு யாதெனில், அத்தெருவின் நாற்பத்தொரு வீட்டாரும் கரையைத் தொட்டுக் கழியின் குறுக்கே கிடந்த சேற்றுத்திட்டில் சிப்பி பொறுக்கிப் பிழைப்பவர்கள். ஆண்டில் நான்கு மாதம் பொறுக்குவார்கள். மற்ற எட்டு மாதமும் திட்டைப் பூட்டிவிடுவார்கள். பூட்டு என்பது அந்தக் கோல்தான். ஆண்டுக்கு ஒரு வீட்டார் முறைவைத்து அதை நடுவார்கள். நட்டவள் எவளோ அவளே வந்து பிடுங்கவேண்டும். அதுவரையில் பெற்ற பிள்ளை பசியென்று அழுதாலும் திட்டில் ஒருவரும் கால் வைப்பதில்லை. கோலின் அடியில் குறுக்குக்கட்டை ஒன்றைப் பிணைத்து, தோளளவு ஆழத்தில் புதைத்திருப்பார்கள். எந்தப் பக்கம் எத்தனை திருப்புத் திருப்பினால் அது கழன்று வரும் என்பது நட்டவளுக்கு மட்டுமே தெரியும். பிடுங்கிய அன்றே அவளுடைய பெயரும் கழன்றுபோகும். அடுத்து நடுபவளுக்கு அது போய்ச்சேரும்.

பூட்டிய எட்டு மாதமும் எவ்வாறு பிழைத்தார்கள் என்று கேட்டால், அதைப் பிழைப்பு என்று சொல்வது சற்று மிகைதான். வலை தைத்தார்கள், உப்புச் சுமந்தார்கள், பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கினார்கள். கோல்காரி கணவனை இழந்தவள். அவளோடிருந்த நாத்தனாரின் கணவனோ கப்பலேறிப் போய், மூன்று கடிதத்தோடு நின்றுவிட்டான். ஆகவே இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நாத்தனாருக்கு வாய் நீளம். அண்ணிக்கு அது இல்லாத குறையை அவளே ஈடுசெய்தாள்.

வாரியத்தார் வந்தது பூட்டிய ஏழாம் மாதத்தில். மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடலோர மக்களே இயற்கையின் உண்மையான பாதுகாவலர்கள் என்றும், அவர்களுடைய காலடியில் அமர்ந்து கற்கவே தாம் வந்திருப்பதாகவும், பிற்பகல் இரண்டு மணிக்கு வேறு கூட்டம் இருப்பதால் அதற்குள் கற்பித்து முடித்தால் நலம் என்றும் கூறினார். பின்னர்க் கைக்கணினி ஏந்திய கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் புகுந்தார். அவரிடம் இருந்த கேள்விகளுள் தலையாயது ஒன்று.

"கடந்த ஆறு மாசத்துல இந்தத் திட்டுல எத்தனை தடவை கால் வச்சீங்க?"

கோல்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படி ஒரு கேள்வியை யாரேனும் கேட்கமாட்டார்களா என்று தெருவே காலங்காலமாகக் காத்திருந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"ஒரு தடவைகூட இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரு தடவைகூடவா?"

"நான் மட்டுமில்ல தம்பி, இந்தத் தெருவுல ஒருத்தரும் வைக்கல. கோல் நிக்குதுல்ல."

"பசிச்சாக்கூடவா?"

"பசி வேற, கோல் வேற."

கணக்கெடுப்பாளர் சுழியம் என்று குறித்தார். ஏன் வைக்கவில்லை என்பதை அவள் விளக்கப் புகுந்தபோது, காரணம் எழுதுவதற்குக் கருவியில் இடமில்லை என்று மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தார். நாற்பத்தொரு வீட்டிலும் நாற்பத்தொரு சுழியம் விழுந்தன. கடைசி வீட்டுக்காரன் மட்டும், ஒருநாள் குடித்துவிட்டு எல்லை தாண்டித் திட்டில் விழுந்ததாகத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான். பிறகு, தெருவுக்கு மானக்கேடு, அதை எழுதவேண்டாம் என்று கும்பிட்டான். கணக்கெடுப்பாளரும் பெருந்தன்மையோடு அதை அழித்துவிட்டார். அந்த ஒரு விழுகையேனும் அழியாமல் இருந்திருக்கலாமே என்று அத்தெரு பின்னாளில் ஏங்கியதுண்டு.

இருபது நாளில் வாரியத்தின் அறிவிப்பு தெருமுனையில் ஒட்டப்பட்டது. திட்டில் சிப்பி செழித்திருப்பதற்குக் காரணம் அங்கே மனித நடமாட்டம் அறவே இன்மையே என்று வாரியம் கண்டறிந்திருந்தது. ஆறு மாதம் பயன்படுத்தாதவர் பயனாளர் ஆகார் என்பது விதி. ஆதலால் தெருவில் பயனாளர் ஒருவரும் இலர். ஆயினும் சான்றோடு கூடிய பயனாளர் ஒருவர் கிடைத்திருக்கிறார். அவருக்கு 'நீடித்த அறுவடை உரிமம்' வழங்கப்படுகிறது.

அந்த ஒருவர் பெட்டிக்காரர். இரும்புப் பற்கள் வைத்த பெட்டியைப் படகின் பின்னால் கட்டி, நீர் பெருகும் வேளையில் திட்டின் விளிம்பைக் குஞ்சும் தாயுமாகச் சேற்றோடு வாரிச்செல்பவர். அவர் பதினெட்டு முறை வாரினார் என்பதற்குச் சான்று எங்கே கிடைத்தது என்றால், அவரைத் தடுக்கவேண்டித் தெருவார் வாரியத்துக்கு எழுதிய மூன்று முறையீட்டு மனுக்களிலேதான். நாள், நேரம், படகின் நிறம் எல்லாம் பிழையின்றி எழுதியிருந்தார்கள். இத்துணைத் துல்லியமான சான்று தமக்கு இதுவரை கிடைத்ததில்லை என்று கோப்பின் ஓரத்தில் வாரியம் பாராட்டியிருந்தது.

கோல்காரியும் நாத்தனாரும் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். கூடத்தில் கழியின் மாதிரி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நீலக் கண்ணாடியால் நீர், பஞ்சால் பறவைகள், திட்டுக்குப் பழுப்பு மெழுகு. தெரு எங்கே என்று நாத்தனார் குனிந்து தேடினாள். தெரு இருக்கவேண்டிய இடத்தில், மாதிரியைப் பலகையோடு இறுக்கிய திருகாணி ஒன்று இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே அழைத்தார்கள்.

"உக்காருங்கம்மா" என்றார் மேற்பார்வையாளர். "உங்களைப் பத்தி மூணு கூட்டத்துல பேசிட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு எல்லாருக்கும்."

வருகிற மாதம் கோல் எடுக்கும் நாள் என்றும், திட்டைத் தங்களுக்கே விடவேண்டும் என்றும், அதை விட்டால் தங்களுக்கு வாழ்வாதாரம் வேறில்லை என்றும் கோல்காரி சொன்னாள்.

"எட்டு மாசம் அதைத் தொடாமதானே இருந்தீங்க?"

"ஆமாங்கய்யா."

"உயிரோடதானே இருக்கீங்க?"

"இருக்கோம்."

"அப்ப அது எப்படிம்மா வாழ்வாதாரம் ஆகும்? எது இல்லாம வாழ முடியலையோ அதுதான் வாழ்வாதாரம். நீங்க இல்லாமலே வாழ்ந்து காட்டிட்டீங்க. அதைத்தான் நான் எல்லா இடத்துலயும் பெருமையாச் சொல்றேன்."

நாத்தனார் அண்ணியின் முழங்கையை விலக்கிவிட்டு முன்னே வந்தாள். "நீங்ககூடத் தூங்குற நேரத்துல சாப்பிடுறதில்லையே, ஐயா. அதுக்காகக் காலையில எந்திரிச்சதும் உங்க தட்டைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துடலாமா?"

மேற்பார்வையாளர் முகம் மலர்ந்தது. உதவியாளரை அழைத்து, இதை அப்படியே 'மரபறிவு' என்னும் தலைப்பின்கீழ்க் குறித்துக்கொள்ளச் சொன்னார். பின்னர்க் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம் சொல்றேன், நான் சொன்னதா இருக்கக் கூடாது. உங்க கோல் நிக்கும்போது நீங்களே நுழைஞ்சு ஒரு தடவை மாட்டியிருந்தாக்கூட ஒரு வழக்கு இருந்திருக்கும். அது போதும் சான்றுக்கு. ஒரு தெருவுல ஒரு திருடன்கூடவா இல்ல? போகட்டும். அடுத்த கணக்கெடுப்புலயாவது கொஞ்சம் பாத்துப் பேசுங்க. தினமும் போறோம்னு சொல்லியிருந்தா இன்னைக்கு நானே உரிமம் எழுதிக் கையில குடுத்திருப்பேன்."

சொன்னதோடு நில்லாமல், கோல்காரியை அக்கழியின் 'மரபுக் காவலர்' என்று அறிவிக்கும் சட்டமிட்ட தாளொன்றையும், பச்சைத் தொப்பி ஒன்றையும் அளித்தார். தொப்பி அவளுக்குப் பெரிதாயிருந்தது. திரும்பும் வழியில் மழை தூறவே, நாத்தனார் அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"நாளைக்கே நான் இறங்குறேன்" என்றாள் அவள். "பட்டப்பகல்ல இறங்கி, ஒரு கூடை பொறுக்கி, அவங்க காவலாளி முன்னாடியே உக்காந்து உடைச்சுத் தின்னுறேன். வழக்குப் போடட்டும்."

"கோல் நிக்குது."

"கோல் உன்னுது அண்ணி. வயிறு என்னுது."

அன்றுமுதல் ஒரே அடுப்பில் சமைத்தாலும் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது குறைந்தது. நாத்தனார் நாள்தோறும் கரைவரை போனாள், கோலைப் பார்த்தபடி நின்றாள், அதை வாய்க்கு வந்தபடி ஏசினாள், திரும்பி வந்தாள். இறங்கவில்லை.

கோல் எடுக்கும் நாளும் வந்தது. வாரியத்துக்கு நிதி தரும் பெரியோர்கள் நேரில் காண வந்திருந்தார்கள். உரிமம் நடைமுறைக்கு வர, 'உள்ளூர் மக்களின் முழுமனதான இசைவு' வேண்டும் என்பது அவர்கள் விதித்த கட்டளை. மரபுக் காவலர் தம் கையால் கோலைப் பிடுங்குவதே அவ்விசைவு எனக் கொள்ளப்படும் என்று வாரியம் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பெட்டிக்காரரின் படகு சற்றுத் தொலைவில் புதுச்சாயம் பூசிக்கொண்டு காத்திருந்தது. நாற்பத்தொரு வீட்டாரும் வெறுங்கூடைகளோடு கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள்.

நீர் வற்றியிருந்தது. கோல்காரி விளிம்பில் மண்டியிட்டு, முறைப்படி கோலின் அருகே சேற்றில் கையை விட்டு மூன்று சிப்பிகளை எடுத்தாள். கட்டைவிரல் அகலம் இருந்தால் கோலை எடுக்கலாம். இல்லையேல் கோல் நிற்கும். மூன்றும் கட்டைவிரலினும் பெரியவை. நாற்பத்தொரு வீட்டாரின் எட்டு மாதப் பட்டினி அவள் உள்ளங்கையில் கனத்தது. மூன்றையும் இருந்த இடத்திலேயே வைத்துச் சேற்றால் மூடினாள்.

"எடுங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் மேற்பார்வையாளர், விருந்தினருக்காகச் சேற்றின்மேல் விரித்த கம்பளத்தின் நுனியில் நின்றபடி.

"எடுத்தா யாருக்குத் திறக்குது, ஐயா?"

"எல்லாருக்கும்தாம்மா திறக்குது. அள்ளுறது மட்டும் அவரு."

"அப்ப இன்னைக்கு எடுக்கல" என்று சொல்லி எழுந்துகொண்டாள்.

மேற்பார்வையாளர் சற்றும் கலங்கவில்லை. மரபுக் காவலர் உணர்ச்சிப் பெருக்கால் செயலற்று நிற்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, காவலாளிகள் இருவருக்குச் சைகை காட்டினார். அவர்கள் கோலைப் பற்றி ஆட்டினார்கள்; இழுத்தார்கள்; தோள்கொடுத்து நெம்பினார்கள். எலும்பு முறிவதுபோல் ஓர் ஓசை கேட்டது. மேற்பாதி அவர்கள் கையோடு வந்தது. கைதட்டல் எழுந்தது. முறிந்த கோலைக் கோல்காரியின் கையில் திணித்து, பச்சைத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துப் படமெடுத்தார்கள். 'மனமுவந்து இசைவளித்த மூதாட்டி' என்ற தலைப்போடு அது வெளியாயிற்று. அவள் சிரிக்கவில்லை என்பது தொப்பியின் நிழலில் தெரியவில்லை.

அன்று மாலை தெருவார் அவள் வாசலில் கூடினார்கள். பெட்டிக்காரர் ஒருபுறம் வாரட்டும்; நாமும் மறுபுறம் இறங்கினால் என்ன, காவலாளி எத்தனை பேரைத்தான் பிடிப்பான் என்று கேட்டார்கள். திட்டு திறந்ததா இல்லையா என்பதை அவளே சொல்லவேண்டும் என்றார்கள்.

"அடிப்பாதி உள்ளேதான் இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். கூடைகள் திரும்ப வீட்டுக்குள் போயின. சிலர் அவளைத் திட்டிக்கொண்டே போனார்கள், ஆனால் போனார்கள்.

பெட்டிக்காரர் இருபத்தாறு நாள் வாரினார். பெரியவை, சிறியவை, கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் இரும்புப் பல்லுக்கு ஒன்றே. கழிநீர் சாந்துபோல் கலங்கிற்று. சிப்பித் தசையைப் பிரித்தெடுக்க அவர் கரையில் ஒரு கொட்டகை போட்டு, கூலிக்கு ஆள் தேடினார். அங்கே முதலில் போய் உட்கார்ந்தவள் நாத்தனார். வாரியத்தின் ஏட்டில் அது 'உள்ளூர் மகளிர்க்கு மாற்று வாழ்வாதாரம்' என்று பதிவாயிற்று.

ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து, மடியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றும் நகத்தளவுகூட இல்லாத சிப்பிகள்.

"நம்ம திட்டுக் குஞ்சுங்க, அண்ணி. இதுல தசைன்னு என்ன இருக்கு? எடைக்கு எடை அள்ளிக் கொட்டுறான்." பிறகு, கேளாமலே சொன்னாள்: "நான் திட்டுல கால் வைக்கல. அதுவா என் கைக்கு வந்துச்சு."

கோல்காரி அவளுடைய கையைப் பார்த்தாள். கத்தி நழுவிய இடத்தில் இரண்டு விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. கழிநீரில் நனைந்து நனைந்து அது ஆறவேயில்லை. மாதம் முடியுமுன் மருத்துவமனையில் அவ்விரு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். சிப்பி தீர்ந்தது, கொட்டகையைப் பிரித்தார்கள், பெட்டிக்காரர் வேறொரு கழிக்குப் போனார். போகுமுன் அனுபவம் மிக்க பயனாளர் என்ற முறையில் வாரியத்தின் ஆலோசனைக் குழுவில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது.

மறு ஆண்டு கணக்கெடுப்பு வந்தது. அதே கணக்கெடுப்பாளர், அதே கருவி, அதே கேள்வி. இம்முறை தெருவார் முன்கூட்டியே கூடிப் பேசி வைத்திருந்தார்கள். பெரிய அலுவலகத்தில் பெரிய மனிதரே சொல்லிக்கொடுத்த விடை அவர்களிடம் இருந்தது. அதைச் சொன்னால் உரிமம் வரும். உரிமம் வந்தால் பெட்டி வராது. பெட்டி வராவிட்டால் சில ஆண்டில் திட்டு மீளும். கோல்காரி மட்டும் இரண்டு நாள் உறங்கவில்லை. நாத்தனார்தான் எட்டு விரல்களையும் அவள் முன் நீட்டி, "உண்மைக்கு இது போதும் அண்ணி" என்றாள்.

"கடந்த ஆறு மாசத்துல எத்தனை தடவை கால் வச்சீங்க?"

கோல்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு, "தினமும்" என்றாள்.

"தினமும்னா, ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை" என்றாள் நாத்தனார் அடுப்படியிலிருந்து.

கடைசி வீட்டுக்காரன், தான் குடித்தும் போவதாகவும் குடிக்காமலும் போவதாகவும் தெரிவித்தான். கணக்கெடுப்பாளர் ஒன்றையும் அழிக்கவில்லை. நாற்பத்தொரு வீட்டிலும் பெரிய பெரிய எண்கள் விழுந்தன.

இருபது நாளில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. திட்டில் சிப்பி அடியோடு அழிந்ததற்குக் காரணம் மனித நடமாட்டம் மிகுதிப்பட்டதே என்று வாரியம் கண்டறிந்திருந்தது. ஓராண்டுக்கு முன்பு சுழியமாக இருந்த நடமாட்டம் இப்போது நாள்தோறும் நிகழ்கிறது என்பதை மக்கள் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உரிமம் பெற்றவர் இருபத்தாறு நாளே பயன்படுத்தினார். ஆகவே பழி அவரைச் சாராது. கழியை மீட்கும்பொருட்டு நாற்பத்தொரு வீட்டாரும் கடல் காணாத தொலைவில் குடியமர்த்தப்படுவார்கள். அவர்களுடைய மரபைப் போற்றும்பொருட்டு, கையில் கோலேந்திய ஒரு பெண்ணின் சிமெண்டுச் சிலை கரையில் நிறுவப்படும்.

தெரு காலியான அன்றே சிலைத் திறப்பும் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே பந்தல் போதும் என்பதால் அது சிக்கனமாகவும் அமைந்தது. சிலை சிரித்துக்கொண்டிருந்தது. தொப்பியும் சரியாகப் பொருந்தியிருந்தது. மேற்பார்வையாளர் கோல்காரியை அருகே அழைத்தார்.

"இனிமே வருஷத்துல எட்டு மாசம் இந்தத் திட்டைப் பூட்டப் போறோம்மா. எங்க ஆய்வுக் குழுவோட புதுக் கண்டுபிடிப்பு. முதல் கோலை நீங்களே நட்டுக் குடுத்தா நல்லாயிருக்கும்."

"ஏற்கெனவே ஒண்ணு நிக்குது, ஐயா."

அவர் கழியைப் பார்த்தார். வழவழப்பான வெறுஞ்சேறு அடிவானம்வரை கிடந்தது. "எங்கே?"

"உள்ள. போன வருஷம் மேல்பாதிதானே வந்துச்சு. அது நான் நட்டது. இன்னும் நான் பிடுங்கல. அதனால இன்னும் யாரும் இறங்கல."

"யாரும் இறங்கலையா? தினமும் போனோம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"நீங்கதானே ஐயா சொல்லச் சொன்னீங்க?"

மேற்பார்வையாளர் உதவியாளரிடம் திரும்பி, "தினமும் போனதை மறுபடியும் ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்குங்க" என்றார்.

வாரியத்து லாரிகள் கழியின் அக்கரையில் நின்றன. பெட்டிக்காரரின் படகுக்காகக் கரையை உடைத்ததிலிருந்து இக்கரைக்கு வண்டி வரும் வழி இல்லை. நீர் நன்றாக வற்றியிருந்தது. திட்டின் குறுக்கே நடந்தால் கால்மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். அதில் இனி அழிவதற்கு ஒரு சிப்பியும் இல்லை. நாற்பத்தொரு வீட்டாரும் பெட்டி, பாய், கதவு, கட்டில் ஆகியவற்றைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நாத்தனார் எட்டு விரலால் அடுப்பைப் பிடித்திருந்தாள். ஓட்டுநர்கள் ஒலிப்பானை அழுத்தி, குறுக்கே வாருங்கள், நேரமாகிறது என்று கையைக் காட்டிக் கத்தினார்கள்.

அவர்கள் கழியைச் சுற்றிக்கொண்டே போனார்கள். அக்கரை சேர நான்கு மணி நேரம் ஆயிற்று.